மேல் ஏரிக் கரையில் எடுத்த பூட்ஸ்

என் பெயர் எர்மெலிந்தா சோக்கே, வயது 46, கணவர் பெயர் பாசிலியோ. பெரு நாடு, கூஸ்கோ மாகாணம், பூக்காபாத்தா ஊரில் குடியிருந்து உருளைக்கிழங்கு பயிரிட்டு வருகிறேன். இந்த வருடம் ஊர்க்கூட்டம் என்னை வயல்காவலுக்கு நியமித்தது. மாடு மேயாமலும் ஆலங்கட்டி விழாமலும் பார்ப்பது என் பொறுப்பு. விழுந்தால் காவலைத்தான் கேட்பார்கள், என் பங்கு நிலத்தையும் பிடுங்குவார்கள்.

நான் பூட்ஸைத் திருடியதாகப் புகார் கொடுத்த எடில் என் அக்காள் மகன். எங்கள் ஊரில் பிறந்தவன், இப்போது நகரத்தில் இருந்துகொண்டு வெளியூர்க்காரர்களைக் காலையில் மலை ஏரிகளுக்கு நடத்தி வந்து மாலையில் திருப்பிக் கூட்டிப்போகிறான். கிழங்குச் செடி பூத்திருக்கும்போது மேல் ஏரியில் இறங்கினாலோ கல்லெறிந்தாலோ ஏரி கோபித்து ஆலங்கட்டியை அனுப்பும் என்பது அவனுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

சென்ற சனிக்கிழமை அவன் ஐந்து பேருடன் வந்தபோது கீழ் ஏரியில் வழிமறித்து, "இதோட நில்லுடா, பூ உதிர்ற வரைக்கும் மேல போகாதே" என்றேன். அதற்கு அவன், "மேகம் என்ன சித்தி, நீ வளக்குற நாயா? வெரட்டுனா போக, கூப்பிட்டா வர?" என்று சொல்லி, அதை அவர்கள் மொழியிலும் சொல்லிச் சிரிக்க வைத்தான். அதன்பின் அவர்கள் மேலே போனார்கள், நானும் பின்னாலேயே போனேன். தட்டைக் கல்லைத் தண்ணீர்மேல் தத்தவிட அவனே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான். அதன்பின் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏரியில் இறங்கி, "பாரு சித்தி, ஒண்ணும் ஆகல!" என்று கத்தினான்.

காவலை மீறியவனின் பொருள் ஒன்றை எடுத்து ஊர்க்கூட்டத்தில் வைப்பது எங்கள் வழக்கம். அவன் சபையில் தப்பை ஒப்புக்கொண்டு மீட்டுக்கொள்ள வேண்டும். எடிலின் அப்பாவே மாட்டை வயலில் விட்டுவிட்டுத் தன் போர்வையை இப்படி மீட்டிருக்கிறார். ஆகவே மேற்படி பூட்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நான் வயலை அடையும் முன்பே ஆலங்கட்டி கொட்டியது. பூவும் இல்லை, இலையும் இல்லை, தண்டு மட்டும் நின்றது. அதன்பின் எடில் காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தக் கட்டிகளின்மேல் நடந்து வந்தான். இரண்டு விரல்கள் கறுத்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

இன்ஸ்பெக்டர் கேட்டதற்குச் சொல்கிறேன். வழக்கப்படி தொப்பியோ போர்வையோதான் எடுப்போம். அவன் தொப்பி பூட்ஸின்மேல்தான் இருந்தது. மேகம் கறுத்திருந்ததையும் பார்த்தேன். தொப்பியை எடுத்துப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டு பூட்ஸை எடுத்தேன். வெறுங்காலோடு நடக்கட்டும் என்றே எடுத்தேன். அதற்காக நான் வருந்தவில்லை.

பூட்ஸ் ஊர்க்கூட்ட மேசையில் இருக்கிறது, எடுத்துத் தர எனக்கு அதிகாரம் இல்லை. வரும் ஞாயிறு கூட்டத்தில் அவன் வந்து ஒப்புக்கொள்ளாவிட்டால் பழி என்மேல் விழும், நிலம் போய்விடும். எடில் எங்கள் வயல் வழியாக நடந்து வந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இதை எங்கள் மொழியில் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. "திருடினேன்" என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, அடித்த பிறகே கைநாட்டு வைத்தேன்.

(இடது பெருவிரல் ரேகை)
எர்மெலிந்தா சோக்கே