வார்டு குழுவிலிருந்து ஒரு பெயர்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஓர் இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும், சார். எங்கள் ஆஸ்பத்திரியில் தட்டினால் முறுக்குத் தூள், தலைமுடி, கடித்துத் துப்பிய நகம் எல்லாம் உதிரும். நான் அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பாளர், பெயர் ஆண்டனிராஜ். துடைக்காமல் உட்காரமாட்டேன்.

அதைவிடப் பெரிய அழுக்கு பாஸ்வேர்டு. நான் சேர்ந்தபோது வார்டு நர்சுகள் அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. பிளாஸ்திரியில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டியிருந்தார்கள். ஊரே வாய்வைத்துக் குடிக்கிற டம்ளர் மாதிரி. அதை ஒழித்து, ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி, எல்லோரையும் 'வார்டு' என்ற குழுவில் சேர்த்தேன். குழுவில் பெயர் இருந்தால்தான் நோயாளியின் பழைய பதிவு திறக்கும். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் பெயர் உள்ளே வரும். இன்னொரு வரியில் வெளியே போய்விடும். கை அழுக்காகாத வேலை.

ஃபாயிஸா என்ற நர்சு தன் பாஸ்வேர்டைக் கூட வேலை பார்த்த நர்சு கருப்பம்மாளுக்குக் கொடுத்தாள். கண்டித்தேன். அவள் கேண்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“பாஸ்வேர்ட மாத்துறேன்னு உள்ள போயி நாங்க வச்சிருக்க போட்டோவெல்லாம் பாக்குறீங்களாமே சார், வெக்கமா இல்ல?”

பார்த்தேன்தான். கூட்டுகிறவன் கட்டிலுக்கு அடியில் குனியாமல் எப்படிக் கூட்டுவான்? மறுநாள் காலை வார்டு குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மதியம் ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து சிலுவைமுத்து என்ற விவசாயியை, காய்ச்சலில் நினைவு தப்பிய நிலையில், அக்கம்பக்கத்தார் தூக்கிவந்தார்கள். டாக்டர் பெனிசிலின் ஊசி எழுதிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். வார்டில் ஃபாயிஸா மட்டும். அந்த மனிதர் முன்பும் எங்களிடம் படுத்திருந்தவர் என்பதால் பழைய பதிவைப் பார்க்கப் போயிருக்கிறாள். திறக்கவில்லை. எனக்குப் போன் செய்தாள்.

“சார், ரெக்கார்டு தெறக்க மாட்டேங்குது. இவருக்கு ஊசி ஏதும் ஒத்துக்காமப் போயிருக்கான்னு பாக்கணும்.”

“எழுதிக் குடுங்க, பாப்போம்.”

“ஆளு துவண்டு கெடக்காரு சார். நீங்களாச்சும் செத்த பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். சிவப்பு எழுத்தில் இருந்தது. பெனிசிலின் கொடுக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து.

“அதுல ஒண்ணுமில்ல” என்றேன்.

அனுமதி இல்லாதவளுக்கு அதில் ஒன்றும் இல்லைதானே. பதிவை அவளுக்கு வாசித்துக் காட்டினால், பாஸ்வேர்டைப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஊசி போட்டதும் அவருக்கு முகம் வீங்கி, தொண்டை அடைத்து, வாயில் நுரை தள்ளியதாம். டாக்டர் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஃபாயிஸாவின் பெயரைத் திரும்பக் குழுவில் சேர்த்தேன். அதன் பிறகுதான் டாக்டர் அவள் கணக்கிலேயே பதிவைத் திறக்கச் சொன்னார். உடனே திறந்தது.

“செவப்பு எழுத்துல கொட்டையா இருக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா?” என்றார்.

அவள் என்னைக் காட்டினாள். யாரும் நம்பவில்லை.

பெயர் வெளியே போனதும் உள்ளே வந்ததும் சர்வரில் பதிவாகியிருக்கிறது, அதைத்தான் நீங்கள் விசாரணைக்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள். நான் அதை அழித்திருக்கலாம். பதிவை அழிப்பது அசிங்கமான வேலை, சார், அதை நான் செய்வதில்லை.

அன்று சாயங்காலம் சிலுவைமுத்துவின் மனைவி ஆனந்தமேரி வந்தார். வராந்தாவில் ஃபாயிஸாவின் தலைமுடியைப் பிடித்து, “எம் புருசன முழுங்கிட்டியேடி” என்று முகத்தில் காறித் துப்பினார். எச்சில் கன்னத்தில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. சலவை செய்த என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உதவப் போகிறவனை இவர்கள் இப்படித்தான் நடத்துகிறார்கள், சார்.