தாமல் துரைக்கு வந்த பந்து

—ரீஃப்ரெஷ் பண்ணாதப்பா, அதுவா வரும்! போன்லேர்ந்து கைய எடு!

—அய்ய, எவ்ளோ நேரந்தாம்மா இந்த வட்டம் சுத்திக்கினே இருக்கும்? நீயே பாரு கீர்த்தி. அஞ்சு பாயிண்ட் பின்னால கெடக்கறோம், ஆட்டம் முடியப் போவுது.

—ஒரு டச்டவுன் போட்டா ஆறு பாயிண்ட். ஃபைனல் நம்மளுது. கூலா இரு.

—இன்னாத்த கூலு? நம்ம கையில ஒண்ணுமே இல்லியே!

—அதான் கேமே. ஆள உருவாக்கி உள்ள அனுப்பறதோட நம்ம வேல ஓவர். ஆடறதெல்லாம் கம்ப்யூட்டரு, நமக்கு நடந்தது எழுத்தா வரும். இட்லி ஊத்தி மூடியாச்சு. தொறந்து தொறந்து பாத்தா வேகாது.

—தா பாரு, உன் தாமல் துரை இன்னும் ஒரு பந்து கூட புடிக்கல. வைடு ரிசீவராம், பந்த புடிக்கற ஆளாம்! பேரப் பாரு, அமெரிக்கன் ஃபுட்பால்ல தாமல் துரை!

—தாமல் ஏரிக்கரையில ஒக்காந்துதானே அவன உருவாக்குனேன். ஒயரம், வெயிட்டு எல்லாம் பாத்துப் பாத்து வெச்சேன். ஒரு வாட்டி வெச்சா மாத்த முடியாது, தெரியுமா?

—எல்லாம் சரி, ஓடற வேகத்துக்கு நீ பாயிண்ட் வெக்கலியே. ஆமையாட்டம் போறான்மா!

—நீ செஞ்ச ரிசீவர் காத்தா ஓடுனான். ஓடி இன்னா ஆச்சு? போன சீசன் ஃபுல்லா பந்து வந்து மூஞ்சில அடிச்சிச்சு. ஓடறதுக்கா ஆளு? புடிக்கறதுக்கு! அதான் துரைக்கு கையிலயும் எகிறி குதிக்கறதுலயும் பாயிண்ட்ட கொட்டுனேன். கலாவதி டீச்சர் கூட என் பக்கந்தான் பேசுனாங்க.

—அவங்க சொன்னாங்கன்னுதான் நான் வாய மூடிக்கினேன். நம்ம டீமுக்கு டீச்சர் செஞ்சு குடுத்த குவாட்டர்பேக்கு வீசறத பாத்தியா? ஊசியில நூல் கோக்கற மாதிரி! செவிலிமேட்டுல ஒக்காந்துக்கினு எப்பிடித்தான் யோசிக்கறாங்களோ!

—நீ யாரையும் இவ்ளோ புகழ்ந்து நான் கேட்டதே இல்ல.

—கணக்கு டீச்சர்மா, மூளை! வூட்டுக்காரர் தவறுனப்புறம் பொழுது போவலன்னு ஆட ஆரம்பிச்சாங்களாம். நான் வந்த புதுசுல, கோல்கீப்பர் எங்கன்னு க்ரூப்புல கேட்டு வெச்சேன். எல்லாரும் சிரிச்சானுங்க. அவங்க மட்டும் ஒண்ணொண்ணா சொல்லித் தந்தாங்க.

—டெய்லி தறிய வுட்டு எழுந்ததும் அவங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் மெசேஜ்.

—டீம் விஷயம்மா! ஏய், வந்திச்சு, வந்திச்சு! படி!

—மூணாவது சான்ஸ்... பந்து கீழ வுழுந்துடுச்சு.

—போச்சு! இன்னும் ஒரே சான்ஸ்தான். எவ்ளோ தூரம்?

—கோட்டுக்கு பன்னெண்டு கெஜம்.

—அமாவாசைன்னு தறிக்கு லீவு வுட்டா, நிம்மதியா படுத்துத் தூங்காம இத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன் பாரு, என்னச் சொல்லணும்!

—பந்தயம் ஞாபகம் இருக்குதில்ல?

—இருக்குது, இருக்குது. துரை டச்டவுன் போட்டா, நீ கேக்கறத மறுபேச்சு பேசாம செய்யணும்.

—ஏகாம்பரநாதர் மேல சத்தியம் பண்ணியிருக்க.

—பண்ணேன்தான். இன்னா கேக்கப் போறன்னு சொல்லவே மாட்டேங்கறியே. ஸ்கூட்டியா?

—இல்ல.

—அப்ப... எவனாச்சும் பையனா? சொல்லிடுமா. உங்கம்மா இருந்திருந்தா அவகிட்ட சொல்லியிருப்ப. எவனா இருந்தாலும் பாத்துக்கலாம். கத்த மாட்டேன். கொஞ்சந்தான் கத்துவேன்.

—அய்யோ அப்பா! மொதல்ல துரை புடிக்கட்டும். சாதாரணமா கேட்டா நீ எழுந்து போயிடுவ. அதுக்குத்தான் சத்தியமெல்லாம்.

—பயமுறுத்தாதமா.

—அடுத்த மாசம் நான் பெங்களூர் வேலைக்குப் போயிடுவேன். நீ இந்த வூட்ல தனியா தட்டு வெச்சுக்கினு ஒக்காந்திருப்ப. அத நெனச்சா எனக்கு அழுகையா வருதுப்பா. இந்த ஒண்ணு மட்டும் நடந்துட்டா நிம்மதியா கெளம்புவேன்.

—எனக்கு இன்னாம்மா? ரெண்டு இட்லி, ஒரு போனு. ஓட்டிடுவேன்.

—ஓட்டுவ, ஓட்டுவ... அப்பா! ஆரம்பிச்சிடுச்சு! டீச்சரோட ஆளு பந்த எடுத்துக்கினு பின்னால போறான்... எடது பக்கம் அடைச்சிட்டானுங்க...

—வீசுடா! வீசித் தொலைடா!

—வீசிட்டான்! மூலைக்கு! துரை எகிர்றான்... கூடவே ரெண்டு பேரு எகிர்றாங்க...

—நான் பாக்கல, கண்ண மூடிக்கினேன், நீயே சொல்லு!

—புடிச்சிட்டான்! அப்பா, ரெண்டு பேரும் மேல வுழுந்தும் வுடல! டச்டவுன்! டச்டவுன்ப்பா! டைமும் ஓவர்!

—ஏகாம்பரா! துரை, நீதான்டா என் புள்ள! ஜெயிச்சிட்டோம், கீர்த்தி, ஜெயிச்சிட்டோம்! போன் அடிக்குது பாரு, டீச்சராத்தான் இருக்கும், குடு குடு!

—அப்புறம் பேசலாம். மொதல்ல சத்தியம்.

—கேளும்மா! இன்னிக்கு எதக் கேட்டாலும் சரி! கைலாசம் வாக்கு மாற மாட்டான்!

—ஞாயித்துக்கிழம நீ பட்டு வேட்டி கட்டிக்கினு வர்ற. பூ, பழம் வாங்கிக்கினு நாம ஒரு வூட்டுக்குப் போறோம். நான் பேசி வெச்சிட்டேன், அவங்களுக்கு சம்மதம்.

—பாத்தியா, பையன்தான்! அது சரி, பையன் வூட்டுக்கு நாம போறதா? அவங்கதானம்மா பொண்ணு பாக்க நம்ம வூட்டுக்கு வரணும்? அதான மொற!

—மொறப்படிதான் போறோம்ப்பா. பொண்ணு வூடு செவிலிமேட்டுல இருக்குது. மாப்ள நீதான்.