கணவாய்க் கல்லும் கன்றுப்பட்டியும்

ஓடுகிறோம். வயல்வட்டையின் நடுவே, வரம்பின்மேல். இருபுறமும் நெல் முழங்காலளவு நிற்கிறது. மேற்கே மந்தமாக ஓர் ஒலி. இரண்டு மூச்சு விடும் இடைவெளி. பின்பு நீண்ட சீழ்க்கை. பின்பு நிலம் அதிர்கிறது. எறிகணை எமக்குப் பின்னால் வீழ்ந்தது.

வாவித் துறையில் தோணி நிற்கிறது. அதை எட்டினால் வாவியின் கிழக்கே எழுவான்கரை. அங்கு இன்னும் எறிகணை விழவில்லை.

என் மனைவி பொன்னம்மை நின்றுவிட்டாள்.

"கண்டுகள அடைச்சுப் போட்டன். பசுவெல்லாம் பட்டியச் சுத்தித்தான் நிக்கும். ஒண்டும் ஓடாது."

எம் மேற்குக் கரையான படுவான்கரையில் பொழுது சாயுமுன் கன்றுகளைப் பட்டியில் அடைப்பது வழக்கம். கன்றைத் தேடிப் பசுக்கள் தாமே வந்து கிடக்கும். விடியலில் பால் கறக்கலாம். அன்றும் ஊரார் அனைவரும் அடைத்தனர். எறிகணை நாள்தோறும் வீழ்ந்தது. பாலும் நாள்தோறும் வேண்டியிருந்தது.

அவளுடைய தம்பி கந்தையா முன்னே ஓடியவன். துறையிலிருந்து கத்தினான்.

"கிறுகாத அக்கா! தோணிக்கு ஓடி வா!"

அவள் பட்டியை நோக்கித் திரும்பிவிட்டாள். வரம்பில் அவளுடைய முதுகைக் கண்டேன். அடுத்த சீழ்க்கை. புகை. அதன்பின் வரம்பும் தெரியவில்லை. கந்தையா ஓடிவந்து என் கையைப் பற்றித் தோணிக்குள் இழுத்தான். நாங்கள் இருவரும் வாவியைக் கடந்தோம்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பினோம். பட்டி சாம்பலாகக் கிடந்தது. உடல் இல்லை. எலும்பும் இல்லை. மாடுகளைக் காட்டோரத்தில் பிறர் மந்தையில் கண்டோம். அவற்றின் தோலில் பொன்னம்மையின் குடிக்குரிய குறி சுட்டிருந்தது. அதைக் காட்டி மீட்டோம். மனிதருக்குக் குறி சுடும் வழக்கம் எமக்கில்லை.

பட்டி நின்ற இடத்தில் அவளுக்கு ஒரு கல் நட விரும்பினேன். எம் பகுதியில் காணி பெண்வழியே வருவது. அந்நிலம் அவளுடைய தாய்வழிச் சொத்து. அவள் குடியில் எஞ்சிய கந்தையா ஒப்பாமல் அங்கு ஒரு முளையும் அறைய இயலாது. அவன் ஒப்பவில்லை.

"கல்லு வச்சா, அக்கா செத்த எண்டு நாமளே சொன்ன மாதிரி. மறுகா அவ வந்து நிண்டா என்ன சொல்லுற?"

ஆண்டுகள் சென்றன. அவன் காத்திருந்தான். அவனுடைய நம்பிக்கையின்மீது எனக்குப் பொறாமை உண்டு. அவன் உறங்கினான். நான் விழித்திருந்தேன்.

சென்ற மாசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் சிலர் மலைநாட்டுக்குச் சிற்றுந்தில் சென்றோம். கந்தையாவும் வந்தான். கண்டிக்கு ஏறும் பழைய கணவாய் ஒன்றில் இறங்கினோம். போர்த்துக்கேயர் படையைக் கண்டி வீரர் மறித்துப் பொருத இடம். இருபுறமும் பாறை. நடுவே ஒடுங்கிய வழி. மூடுபனி. வழிகாட்டி மல்லிகா என்னும் மலையகப் பெண். ஒரு நடுகல்லைச் சுட்டினார்.

"இங்கதாங்க ஐயா கண்டிப் படையோட மொத வரிசை விழுந்துச்சு."

கல்லைச் சுற்றிப் புல் செதுக்கியிருந்தது. மேலே வாடாத செவ்வரளி. அவர்கள் மாண்டு நானூறு ஆண்டுகள். பெயர் அறியோம். அழுவதற்கு உறவினர் எவரும் எஞ்சவில்லை. ஆயினும் அவர்க்கு ஒரு கல், ஒரு பூ, "இங்கதான்" என்று சுட்ட ஒரு விரல். என் நெஞ்சு எரிந்தது. அதற்குப் பொறாமை என்பதே பெயர். மாண்டவர்மீது பொறாமை கொண்டேன்.

அதனால் குறுக்கு விசாரணை செய்தேன். இவ்விடமே என்பதற்குச் சான்று யாது? கல்வெட்டு உண்டா? அகழ்ந்து பார்த்தவர் உண்டா?

"சோதினத் தாள் திருத்துற மாதிரிக் கேக்காதீங்க மச்சான்," என்றான் கந்தையா. "பாவம் அந்தப் பிள்ளை."

மல்லிகா சிரித்தார். "ஆதாரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா. யாரும் தோண்டிப் பாக்கல. இந்தக் கணவாய்ல எங்கயோ விழுந்தாங்க. ஊர்க்காரங்க இந்த எடம்னு முடிவு பண்ணி நட்டுட்டாங்க."

சான்றில்லை. முதலில் எனக்கு மகிழ்ச்சி. எமக்குக் கிட்டாதது இவர்க்கும் கிட்டவில்லை என்னும் இழிந்த மகிழ்ச்சி. அது நெடுநேரம் நிலைக்கவில்லை. எலும்பு இல்லாமலேயே கல் நட்டிருந்தனர். பொறாமை முன்னிலும் கூடிற்று.

கந்தையா கல்லருகே குந்தினான்.

"அப்ப இதுக்குக் கீழ ஒருத்தரும் இல்லையா, பிள்ளை?"

"தெரியாதுங்க."

"தெரியாமத்தான் பூ வைக்கிறாங்களா?"

"ஆமாங்க. தெனமும்."

அவன் எழவில்லை. ஏனையோர் தேநீர்க் கடைக்குச் சென்றனர். நான் நின்றேன். மலைச்சரிவில் ஒரு பாரவுந்து உறுமி ஏறிற்று. அவ்வொலிக்கு இருவரும் தலை தாழ்த்தினோம். இன்றும் தாழ்த்துகிறோம்.

திரும்பும் வழியில், மலை இறங்கிச் சமவெளி வந்தபின் பேசினான்.

"கல்லப் பட்டிக் கிழக்கு மூலையில வைங்க மச்சான். கண்டு வாசல் அங்கதான் இருந்த."

மனம் மாறிவிடுவானோ என்று அஞ்சினேன்.

"பேர மட்டும் வெட்டுங்க. அமரர் எண்டு போட ஒண்ணா."

பங்குனியில் நட்டோம். பெயர் மட்டுமே உண்டு; 'அமரர்' இல்லை.

எண்ணிக்கையை எழுதி முடிக்கிறேன். எரிந்தவை: வீடு ஒன்று, பட்டி ஒன்று, கதிர் ஈனாத வயல் முழுதும். பசுக்கள் பத்தொன்பது. மீண்டவை பதின்மூன்று. கன்றுகள் ஒன்பது. ஒன்பதும் மீண்டன. பட்டி வாசலை அவள் திறந்திருக்கிறாள். பொன்னம்மை ஒருத்தி. மீளவில்லை.