அண்ணன் வெட்டி ஒட்டிய குரல்

ஹலோ... ஹலோ, அண்ணா, கேக்குதா?... நான்தான். பார்லர்ல இருந்துதான்... ஆமா, கஸ்டமர் தலை நிறைய டையோட உக்காந்திருக்காங்க, உக்காரட்டும். உன் புதுப் பாட்டு இங்க ஸ்பீக்கர்ல ஓடுது.

...தேங்க்ஸா? யாருக்கு வேணும் உன் தேங்க்ஸ்! அதுல பேசுறது யாரு?... மழுப்பாத. யாரு?

...ஆமா, ஆமா, டீப் ஹவுஸ் மியூசிக். தெரியும். கனவுல மிதக்குற மாதிரி இருக்கணும், கிணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுற மாதிரி கேக்கணும். கஸ்டமர்கூட சொக்கிப்போய்க் கண்ணை மூடிட்டாங்க. ஆனா அது நம்ம அம்மா குரல்ணா! எப்போ பேசினது?

...என்னது? ஆஸ்பத்திரியில இருந்தா? கடைசி நாள் உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாங்களா? அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகுது, எங்கிட்ட வாயே திறக்கல நீ!

பின்னாடி அலை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது?... அம்மா மூச்சா? அவங்க மூச்சு வாங்கினதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டியா? அடப்பாவி! அழகா இருக்காம்ல, அழகு!

இரு, நான் பேசிட்டிருக்கேன். 'தங்கச்சிகிட்ட சொல்லு, தங்கச்சிகிட்ட சொல்லு'ன்னு அதையே சுத்திச் சுத்தி ஓட விட்டிருக்கியே, என்ன சொல்லச் சொன்னாங்க?... தாளத்துல உக்காரலைன்னு வெட்டிட்டியா? சரி. வெட்டாத மெசேஜை அனுப்பு. இப்பவே.

...என்னது, இல்லையா?... பாட்டு முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல இடம் பத்தலைன்னு முழுசையும் அழிச்சிட்டியா?... ஃபோன்லயும் இல்லையா?

இதோ வந்துட்டேன் மேடம், ஒரே நிமிஷம்.

அண்ணா, அதை எத்தனை தடவை கேட்டிருப்ப, ஞாபகம் இருக்கும்ல. சொல்லு... அழாத, சொல்லு... ம்... ம்... 'என் தங்கத்தை நெனச்சா பெருமையா இருக்கு'ன்னு சொன்னாங்களா?... அம்மாவா?

பொய்... ஆமா, பொய்தான்! அம்மா என்னைக்கு என்னைத் தங்கம்னாங்க? நேரத்துக்குச் சாப்பிட மாட்டேங்குறா, அவளும் அவ மூஞ்சியும்னு ஏதாவது கரிச்சுக் கொட்டியிருப்பாங்க. எனக்கு அந்தத் திட்டுதாண்டா வேணும்!

...ஹலோ?... ஹலோ!