வெண்மதி மேல் ஒரு புகார்

இளவரசு: கையெழுத்தப் போடு மச்சான். சிதம்பரம் வர்றதுக்குள்ள போட்டுடு.

ஆகாஷ்: கார ஓட்டிக்கிட்டே எப்படி மாமா...

இளவரசு: அப்ப ஓரமா நிறுத்து.

ஆகாஷ்: போலீஸ் புகாரு மாமா இது. வெண்மதி நம்ம டிசைன வெளிய வித்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க பாத்தீங்களா?

இளவரசு: பாக்கணுமா? டவரே இல்லாத நடுக்கடல்லேந்து கரைக்குச் சேதி அனுப்புற வயர்லெஸ் பெட்டி. செஞ்சது அது. பணம் போட்டது நாம ரெண்டு பேரு. நாலாவது ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?

ஆகாஷ்: நமக்கு முந்திப் பதிஞ்ச அந்தப் பெங்களூர்க்காரனுக்கும் அதே யோசனை வந்திருக்கலாம்ல...

இளவரசு: வரும் வரும்! கரெக்டா நமக்குப் பத்தொம்பது நாள் முன்னாடி வரும்! முந்திப் பதிஞ்சவனுக்குத்தான் பேட்டன்ட். நம்ம பெட்டியச் செஞ்சு விக்க லைசென்ஸ் எடுக்கறேன்னு நின்ன ஐதராபாத்காரன் இப்ப போனையே எடுக்க மாட்டேங்குறான். வெண்மதி என்னடான்னா புது ஸ்கூட்டி வாங்கி ஓட்டுது. ஏது காசு?

ஆகாஷ்: தவணையில வாங்குனது.

இளவரசு: உனக்கு எப்படித் தெரியும்?

ஆகாஷ்: கேட்டேன்.

இளவரசு: ஏன் கேட்ட? அப்ப உனக்கும் சந்தேகம்தான...

ஆகாஷ்: இருங்க, அதுதான் கூப்புடுது. ஸ்பீக்கர்ல போடுறேன்.

வெண்மதி: அண்ணே, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?

இளவரசு: புதுச்சத்திரம் தாண்டிட்டோம். ஏம்மா?

வெண்மதி: வக்கீல் பேப்பர் அனுப்புனாரு. நான் ஜூலை இருபதாம் தேதியே பேட்டன்ட் பேப்பர் எல்லாத்தையும் முடிச்சு, செம்மண்டலத்துல உங்க வீட்டுக்கே வந்து உங்க கையில குடுத்தேன். பதிஞ்சது ஆகஸ்ட் பதினேழுன்னு இருக்கு. நடுவுல எங்கண்ணே இருந்துச்சு?

இளவரசு: அது... ஆபீஸ்ல லேட்டாயி...

வெண்மதி: ஆன்லைன்ல தானண்ணே பதியறாங்க? எங்கப்பா படகு கவுந்து ஒன்றரை நாள் கடல்ல கெடந்தாரு. கரைக்குச் சொல்ல ஒரு வழியில்ல. அதுக்காக நாலு வருசம் ஒழைச்சேண்ணே... சரி, நேர்ல பேசுவோம். மீன் கொழம்பு வெச்சிருக்கேன், வழியில எதுவும் சாப்டுடாதீங்க.

ஆகாஷ்: ...வெச்சிடுச்சு. சொல்லுங்க மாமா. எங்க இருந்துச்சு?

இளவரசு: ரோட்டப் பாத்து ஓட்டு.

ஆகாஷ்: நிறுத்திட்டேன். சொல்லுங்க.

இளவரசு: ...பீரோவுல.

ஆகாஷ்: பீரோவுலயா!

இளவரசு: ஆடி மாசம்டா மச்சான். ஆடியில எதையும் தொடங்கக் கூடாதுன்னு உங்க அக்கா ஒத்தக் கால்ல நின்னா. ஆவணி ஒண்ணு காலையில திருவந்திபுரம் போயி, பெருமாள் பாதத்துல வெச்சு எடுத்துத்தான் வக்கீல்கிட்ட குடுத்தேன். மனசு கெடந்து அடிச்சுக்குதுடா... வெளிய சொல்லிடாத. பழி யாரு மேலயாவது போயித்தான ஆகணும்? போடு கையெழுத்த.

ஆகாஷ்: எப்படி மாமா போடுவேன்? நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான் நெனச்சேன், ஆனா ஆடியில வேணாம்னு போன் பண்ணி அக்காவ ஏத்திவிட்டதே நான்தான்.