அழாத பிள்ளை

பாண்டாக் குட்டி பிறக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மேடம். முடி என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. எலிக்குஞ்சு மாதிரி ரோஸ் நிறத்தில் கிடக்கும். அதுவா அவ்வளவு பெரிய கரடியாக வளரப்போகிறது என்று பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

எனக்கு அதைக் காட்டியவள் ஐஸ்வர்யாதான். என் கொழுந்தன் அருள்குமாரின் மனைவி. அப்போது நிறைமாதம் அவளுக்கு. ஏதோ ஒரு வெளிநாட்டு மிருகக்காட்சிசாலையில் கேமரா வைத்துத் தாய்ப் பாண்டாவை நாள் முழுக்க நேரலையில் காட்டுகிறார்கள். கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் போனில் பார்ப்போம். "அக்கா, இங்க பாருங்களேன், என்னாட்டமே அதுவும் உக்கார முடியாம உக்காந்திருக்குது" என்று சிரிப்பாள். அந்தக் குட்டி பிறந்து சில நாளில் அவளுக்கும் பையன் பிறந்தான்.

எனக்குப் பிள்ளை இல்லை. சேலத்தில் வைத்தியம் பார்த்து இரண்டு முறை தங்கியது, இரண்டு முறையும் கலைந்தது. அதற்குப் பிறகு தூக்கம் வராததால் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஐஸ்வர்யாவின் அம்மா வீடு பாப்பிரெட்டிப்பட்டி. அந்த அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்ததால் பிரசவம் ஆன கையோடு அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். அருள்குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். பத்தியச் சமையல், பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல் எல்லாவற்றையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். யாரும் என்மேல் சுமத்தவில்லை.

பாண்டாக் குட்டியை எடை பார்க்க அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தாயிடமிருந்து பிடுங்கினால் கையைக் கடித்துவிடும். அதனால் ஒருவர் தேன் கலந்த தண்ணீரைக் கிண்ணத்தில் நீட்டுவார். தாய் நக்கிக் குடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கையை விட்டுக் குட்டியை எடுத்துக்கொள்வார். கிண்ணம் காலியாவதற்குள் குட்டி திரும்பவும் மடிக்கு வந்துவிடும். அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. உலகமே பார்த்துச் சந்தோஷப்படுகிறது.

ஐஸ்வர்யா பிள்ளையை மடியைவிட்டு இறக்கமாட்டாள். "குடு, கொஞ்ச நேரம் வெச்சிருக்கறேன்" என்றால், "இருக்கட்டுங்கக்கா, இப்பதான் தூங்கறான்" என்பாள். தப்பாக நினைத்துச் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னாள்.

பால் ஊறுவதற்காகப் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு போட்டுப் பால் காய்ச்சிக் கொடுப்போம். பூண்டு வாசனையிலும் கருப்பட்டி இனிப்பிலும் வேறு எதுவும் தெரியாது. முதல் நாள் மாத்திரையில் ஒரு துண்டுதான் போட்டேன். சாப்பிட்டுப் படுத்தவள் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் பாண்டாவைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அந்தக் குட்டி கண் திறந்தது. எங்கள் பையன் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானம் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் கொடுத்தேன். அவளுக்கும் ஓய்வு வேண்டியிருந்தது.

பையன் அழுவதே இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். "இப்பிடி ஒரு புள்ளைய பெத்தா பத்துகூட வளக்கலாம்" என்றாள் பக்கத்துத் தோட்டத்து ராணியம்மாள். எடை பார்க்க வந்த நர்ஸம்மா மட்டும் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, வெயிட்டே ஏறலியே. பால் குடுக்கறியா இல்லியா?" என்று ஐஸ்வர்யாவைக் கேட்டார். அவளுக்கு முந்தி நான்தான் சொன்னேன்: "அவ எங்கீங்க, எந்நேரமும் தூங்கிட்டே இருக்கறா." அது பொய் இல்லையே.

என் மாமியார் தீர்த்தம்மாளுக்கு அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. "பகலெல்லாம் தூங்கறவ ராத்திரியில யாருகிட்ட போன் பேசறாளோ" என்றார். என்னையும் கேட்டார். "எனக்குத் தெரியலீங்க அத்தை" என்றேன். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருள்குமார் அவள் போனைப் பிடுங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதில் பாண்டாப் படங்கள்தான் இருந்தன. "எல்லாத்தையும் அழிச்சிட்டியா?" என்று கேட்டான். அவள் தலை துவண்டு சுவரில் சாய்ந்து அழுதாள். ஒருவர்மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவர் அழுவதும் சந்தேகமாகத்தான் படும், மேடம். நான் அதை உண்டாக்கவில்லை. வந்ததைத் தடுக்கவும் இல்லை.

அவளுக்கும் என்மேல் சந்தேகம் வந்தது. ஒருநாள் காலையிலிருந்தே அடுப்படி வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் எல்லோரும் இருக்கும்போது டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "இத நீங்க குடிங்கக்கா" என்றாள். அத்தை அதட்டினார். நான் எடுத்து முழுவதையும் குடித்தேன். காலையிலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டதால் அன்றைக்கு நான் பாலில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். தூக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"இவளுக்குப் புத்தி சரியில்ல. இன்னிக்கு உன்னைச் சொல்றா, நாளைக்குப் புள்ளைய என்ன பண்ணுவாளோ" என்றார் அத்தை. அந்த வாரமே அருள்குமார் அவளைப் பாப்பிரெட்டிப்பட்டியில் கொண்டுபோய் விட்டான். பிள்ளை எங்களிடம் இருந்தான். பைக்கில் ஏறும்போது அவள் ஜாக்கெட் நனைந்து பால் வடிந்தது. "அண்ணி பாத்துக்குவாங்க, நீ ஏறு" என்றான்.

அன்றிலிருந்து அவன் என்னுடைய பிள்ளை. அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அவன் அழ ஆரம்பித்தான். புட்டிப் பாலைத் துப்பினான். உடம்பு வெடவெடத்தது. தோளில் போட்டுத் தட்டினாலும் தொட்டிலில் போட்டு ஆட்டினாலும் நிறுத்தவில்லை. பாண்டாக் குட்டி அப்போது தவழ ஆரம்பித்திருந்தது. போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன், பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அத்தை, "ஆத்தாளைத் தேடுது. போனாப் போவுது, அவளயே கூட்டியாரச் சொல்லு" என்றார்.

கூட்டி வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தாய்ப்பால் வழியாக இத்தனை நாள் அவனுக்குப் போய்க்கொண்டிருந்ததுதானே. பழகின உடம்பு. ஊசிமுனை அளவு எடுத்துப் புட்டியில் கரைத்தேன். அமைதியாகத் தூங்கினான். "பாத்தீங்களா அத்தை, எங்கிட்டயும் பழகிட்டான்" என்றேன். மறுநாள் அது போதவில்லை. கொஞ்சம் கூட்டினேன். அதற்கடுத்த நாளும் கூட்டினேன். அன்றைக்கு அவன் எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "குழந்தைக்கு என்னம்மா குடுத்தீங்க?" பால்தான் என்றேன். "பயப்படாம சொல்லுங்க, சொன்னாத்தான் காப்பாத்த முடியும்" என்றார். திரும்பவும் பால் என்றேன். சொல்லியிருந்தால் அப்போதே அவனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவன் பாதம் என் கைக்குள் இருந்தது. குளிர்ந்துபோயிருந்தது. ஆனாலும் என் கைக்குள் இருந்தது.

சொன்னவள் ஐஸ்வர்யாதான். செய்தி கேட்டு ஓடிவந்தவள் செருப்புகூடப் போடவில்லை. நேராக டாக்டரிடம் போனாள். "எனக்குப் பால்ல மாத்திரை போட்டுக் குடுத்தாங்க சார். அம்மா வூட்டுக்குப் போன நாலாம் நாளே எனக்குத் தலை தெளிஞ்சிடுச்சு. எம்புள்ளைக்கும் அதையேதான் குடுத்திருப்பாங்க, ரத்தத்தப் பாருங்க" என்றாள். பார்த்தார்கள். மற்றது உங்களுக்குத் தெரியும். ஆமாம், நான்தான் கொடுத்தேன். அவளுக்கும் நான்தான், அவனுக்கும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் கண் விழித்துவிட்டான் என்று வாசலில் நிற்கிற பெண் போலீஸ் சொன்னார். வார்டே அதிரும்படி அழுகிறானாம். ஐஸ்வர்யா தோளில் போட்டு நடந்துகொண்டே இருக்கிறாளாம். அவள் சின்னப் பெண், மேடம், என்ன தெரியும் அவளுக்கு. யாராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நல்லது. அந்தப் பிள்ளை அழாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.