எதிர்ச் சக்கரத்துக்காரன்

மைக்காரத் தம்பி, அணைச்சிராதே... முக்கியமான இடத்துக்கு இப்பத்தான் வாரேன்! ஒரு கதை சொல்லப் போறேன் மக்களே, சின்னதுதான். ஆனா கேட்டு முடிக்கையில உடம்பு சிலிர்க்கலைன்னா எம் பேரை மாத்திக் கூப்பிடுங்க!

எங்க ஊர்த் தேர் எழுபது அடி. பார்த்தவங்க எண்பதும்பாங்க, நான் சண்டைக்குப் போறதில்ல. இழுக்கிறது ஆயிரம் பேர். நிறுத்துறது எத்தனை பேர்? ரெண்டே ரெண்டு பேர்! இந்தச் சக்கரத்துக்கு ஒருத்தன், அந்தச் சக்கரத்துக்கு ஒருத்தன், கையில முட்டுக்கட்டை. முன்னால நிக்கிறவன் வெள்ளைத் துண்டைத் தாழ்த்தினா, ரெண்டு கட்டையும் ஒரே நேரத்துல சக்கரத்துக்கு அடியில விழணும். ஒண்ணு பிந்தினா? தேர் சுத்திரும். பிந்தினவன் மேலயா ஏறும்? இல்ல... மத்தவன் மேல!

துண்டு யாரு கையில? எங்கையில! இருபது வருசமா எங்கையிலதான்!

வலது சக்கரம் நம்பிராஜன். இடது சக்கரம் பலவேசம், நம்பி பொண்டாட்டிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அன்னைக்குக் காலையில நம்பி வாரான். நெத்தி நிறைய திருநீறு. கிட்ட வந்தா... அந்த வாசத்தையும் மீறி இன்னொரு வாசம்!

"ஏலே, போட்டிருக்கியா?"

"ஒரே ஒரு கட்டிங் சித்தப்பா! கை நடுக்கம் நிக்கிறதுக்கு. இந்தா பாருங்க!"

கையை நீட்டினான். நெசமாவே கல்லு மாதிரி நின்னுச்சு. அந்தப் பக்கம் பலவேசம் சிரிக்கான். "விடுங்க சித்தப்பா, மாப்பிள்ளை தூக்கத்துலயும் கட்டை போடுவாரு!"

நானும் சிரிச்சேன். தேர் கிளம்பட்டும்னு துண்டைத் தூக்கிட்டேன்.

தெற்கு வீதி முக்குல ஒரு இறக்கம். தேர் வருது... கடகடன்னு வருது... துண்டைத் தாழ்த்தி ஒரு சத்தம் கொடுத்தேன் பாருங்க, "போடு!" மூணு ஊர் தள்ளி மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுச்சு! இடது கட்டை விழுந்துச்சு. வலது கட்டை...

கண் இமைக்கிற நேரம். அவ்வளவுதான் பிந்துச்சு. எழுபது அடித் தேரும் இடது பக்கமா ஒரே சுத்து! பலவேசம் உருண்டான். உசிரு தப்பிச்சுது. வலது கால்... முட்டிக்குக் கீழ தப்பல.

ஆஸ்பத்திரியில நம்பி தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். "சாமி சத்தியமா நான் சரியாத்தான் போட்டேன் மச்சான்!"

பொய்யா சொன்னான்? இல்லவே இல்ல! அவன் கணக்குல சரியாத்தான் போட்டிருக்கான். நான் எட்டாங் கிளாஸ்தான், ஆனா டாக்டருக்கே விளக்குவேன்: இந்தச் சரக்கு கையைப் பிந்த வச்சிரும். வச்சிட்டு, பிந்தவே இல்லைன்னு மூளைக்குத் தந்தி அடிக்கும்! நடுங்குற கையைப் பார்த்தாவது பயந்திருப்போம். கல்லு மாதிரி நின்ன கைதான்யா எங்களை ஏமாத்துச்சு!

பலவேசம் திட்டுவான்னு பார்த்தேன். மெதுவா வாயைத் திறந்தான். "மாப்பிள்ளை... வீட்டுக்குப் போகையில பைக்கை நீங்க ஓட்டாதீங்க. பின்னால என் தங்கச்சி உக்காருவா."

அன்னைக்குக் குடியை விட்டவன்தான் நம்பி. ஆறு வருசமாச்சு. இப்ப எங்க ஊர்ல ஒரு வழக்கம். வடத்தைத் தொடுறதுக்கு முன்னாடி, பலவேசம் கம்பு ஊனிக்கிட்டு வருவான். "ஊதுங்க மாப்பிள்ளை." ஆயிரம் பேர் பார்க்க நம்பி ஊதுவான். பலவேசம் மோந்து பார்த்துத் தலையாட்டினாத்தான் நான் துண்டைத் தூக்குவேன். ஏன்னா, அன்னைக்கு மோந்தவன் நான். மோந்துட்டும் துண்டைத் தூக்கினவன் நான். பெருமை பேசுற இந்த வாயி அன்னைக்கு மட்டும் பேசல.

இப்ப உங்களைக் கேக்கேன். "என் காசு, என் வாயி, என் குடல், உனக்கென்ன?"ன்னு சொல்ற தம்பிமாரே! நீங்க ஒத்தச் சக்கரத்துலயா ஓடுதீங்க? ஒரு கட்டிங் ஊத்துறதுக்கு முன்னாடி திரும்பிப் பாருங்க... உங்க எதிர்ச் சக்கரத்துல யாரு நிக்கா? பொண்டாட்டியா? பிள்ளையா? அதையும் மீறி ஊத்தினா, அவங்ககிட்டப் போய் ஒரு தடவை வாயை ஊதிக் காட்டுங்க.

அவங்க தலையாட்டினா... தேரை இழுங்க!